குற்றப்புனைவில் நகரம்: ‘கஹானி’யை முன்வைத்துக் கருப்பொருள் குறித்த ஒரு விவாதம்

தமிழ்த்துறைகளில் அண்மைக் காலத்தில் உருவாகும் ஆய்வேடுகளில் ‘வட்டாரப் பண்பாட்டுக் கூறுகள்’ என்னும் தொடர் மிகுதியாகப் புழங்குகிறது. ஒரு நாவலையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொண்டு, அதில் இடம்பெறும் உணவு, உடை, விழா, வழிபாடு, பேச்சுவழக்கு ஆகியவற்றை இயல் இயலாகப் பிரித்துப் பட்டியலிடுவது இவ்வாய்வுகளின் பொதுநெறி. பட்டியல் தவறன்று, ஆவணம் என்ற அளவில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் பட்டியல் முடிந்த இடத்திலேயே பெரும்பாலும் ஆய்வும் முடிந்துவிடுகிறது. அவ்வுணவு அக்கதையில் ஏன் இருக்கிறது, அவ்விழாவை நீக்கினால் கதை என்னவாகும் என்ற கேள்விகள் எழுவதில்லை.

இக்கேள்விகளைத் தவிர்க்க இயலாத புனைவு வகைமை ஒன்று உண்டு. அது குற்றப்புனைவு. பிற புனைவுகளில் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பை, பாத்திரத்தின் வாழ்நிலையைக் குறிப்பதோடு அமைந்துவிடலாம். குற்றக்கதையிலோ வாசகர் அக்கோப்பையை ஐயத்துடன் பார்க்கிறார். அது தடயமா, திசைதிருப்பலா, வெறும் கோப்பைதானா என்று எண்ணுகிறார். எனவே ஒரு நகரத்தின் பண்பாடு குற்றக்கதைக்குள் நுழையும்போது அதன் ஒவ்வொரு கூறும் சான்றாகும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. நகரப் பண்பாட்டில் தோய்ந்த குற்றக்கதையில் கருப்பொருள் என்பது பின்னணி அன்று. குற்றத்தை மறைப்பதும் அதுவே, வெளிப்படுத்துவதும் அதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. எந்தக் கதையில் இது நிகழவில்லையோ அந்தக் கதையில் நகரம் அஞ்சலட்டைப் படமாக நின்றுவிடுகிறது.

இக்கருத்தை விவாதிக்க, சுஜோய் கோஷ் இயக்கி 2012 மார்ச்சில் வெளிவந்த ‘கஹானி’ என்னும் இந்தித் திரைப்படம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கதை நிகழிடம் கொல்கத்தா. அசல் திரைக்கதைக்கும் படத்தொகுப்பிற்கும் தேசிய விருது பெற்ற படம் இது. தமிழாய்வு இதழில் இப்படத்தைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இக்கதை ஈராண்டுகளுக்குப் பின் நகரம் மாற்றப்பட்டுத் தமிழிலும் வந்தது. ஒரே குற்றக்கதை ஒரு நிலத்திலிருந்து பெயர்த்து இன்னொரு நிலத்தில் நடப்படும்போது என்ன நேர்கிறது என்பதைக் கண்டறிய இத்தகைய வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

கொல்கத்தா: குற்றக்கதையின் ஊர்

‘கஹானி’ வெற்றிடத்தில் தோன்றியதன்று. வங்காளத்தில் துப்பறியும் கதை நகரத்தோடு ஒட்டியே வளர்ந்தது. சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் எழுதத் தொடங்கிய வியோம்கேஷ் பக்சி கதைகளுள் ஒன்றான ‘பதேர் காண்டா’வில், சாலையைக் கடப்போர் நெஞ்சில் கிராமபோன் ஊசி பாய்ந்து இறக்கின்றனர். அவ்வூசியை எய்யும் கருவி மிதிவண்டி மணிக்குள் இருக்கிறது. மணியோசை எழும்போது ஊசியும் பாய்கிறது. நெரிசல் மிகுந்த தெருவில் மிதிவண்டி மணியை யார் திரும்பிப் பார்ப்பார்? கிராமபோனும் மிதிவண்டியும் நடுத்தர வகுப்பினரின் வீட்டுப் பொருள்களாகிவிட்ட, தெருவிரைச்சல் பழகிப்போன ஒரு மாநகரில் மட்டுமே இக்கொலை நிகழ முடியும். சிற்றூரின் அமைதியில் முதல் மணியோசையிலேயே கொலையாளி அகப்பட்டிருப்பான்.

‘சத்யான்வேஷி’ என்ற கதையில் குற்றத்தின் களம் ஒரு மெஸ். ஊரைவிட்டு வேலைக்கு வந்த ஆடவர்கள் சேர்ந்து தங்கி உண்ணும் இடம் அது. ஒருவர் வரலாற்றை மற்றவர் அறியார். கேட்பதும் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த அறியாமையே குற்றவாளிக்குத் திரையாகிறது.

சத்யஜித் ராய் 1965 முதல் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய ஃபெலுதா கதைகளுள் ‘ஜெய் பாபா ஃபேலுநாத்’ இவ்விவாதத்திற்கு மிக நெருக்கமானது. 1979இல் ராயே இதைத் திரைப்படமாக்கினார். களம் கொல்கத்தா அன்று, காசி. எனினும் அங்குள்ள வங்காளிக் குடும்பம் ஒன்றின் துர்க்கா பூசையை ஒட்டியே கதை நகர்கிறது. விலைமதிப்பற்ற சிறு விநாயகர் உருவம் காணாமற்போகிறது. அதை ஒளித்தவன் அவ்வீட்டுச் சிறுவன். ஒளித்த இடம் துர்க்கையின் ஊர்தியான சிங்கத்தின் வாய். களிமண்ணால் செய்த அப்படிமம் தசமியன்று கங்கையில் கரைக்கப்படும். எனவே கதைக்கு ஒரு காலக்கெடு தானாகவே வந்து அமைகிறது. ஆசிரியர் கடிகாரத்தைக் காட்டி வாசகரை அச்சுறுத்த வேண்டியதில்லை. பஞ்சாங்கமே அப்பணியைச் செய்கிறது. படிமத்திற்கு வண்ணம் தீட்டும் முதிய கலைஞர் கொல்லப்படுவதும் இம்மரபின் உள்ளிருந்தே பிறக்கும் நிகழ்வு. சிங்கத்தின் வாய்க்கு அருகே தூரிகையோடு செல்பவர் அவர் ஒருவரே.

பெயரும் ஒலியும்

‘கஹானி’யின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வித்யா பாக்சி என்ற நிறைசூலி இலண்டனிலிருந்து கொல்கத்தா வருகிறாள். அலுவல் நிமித்தம் அந்நகருக்கு வந்த கணவன் அர்ணாப் பாக்சியைக் காணவில்லை என்று காளிகாட் காவல்நிலையத்தில் முறையிடுகிறாள். அங்குள்ள ராணா என்ற இளைய காவல் அதிகாரி அவளுக்கு உதவுகிறான். தேடல் தொடரத் தொடர, கணவனின் முகச்சாயல் கொண்ட மிலன் தாம்ஜி என்ற மற்றொருவனின் பெயர் வெளிப்படுகிறது. மெட்ரோ ரயிலில் நச்சுவாயு செலுத்திப் பலரைக் கொன்றவன் அவன். இறுதியில் தெரியவருவது: அர்ணாப் பாக்சி என்ற மனிதனே இல்லை. வித்யாவின் உண்மைக் கணவன் அந்த மெட்ரோத் தாக்குதலில் இறந்தவன். அதிர்ச்சியில் கரு கலைந்துபோனது. வயிறு பொய். கணவனைத் தேடுவதாகச் சொல்லி அவள் தேடியது கணவனைக் கொன்றவனை.

படத்தின் தொடக்கப் பகுதியில் வேடிக்கைபோல் இரு செய்திகள் வருகின்றன. வங்காள ஒலிப்பில் வகரம் ஒலிப்புடைப் பகரமாகிவிடும். ஆதலால் நகரத்தார் நாவில் அவள் பெயரின் முதலெழுத்து மாறிப்போகிறது. (தமிழ் வரிவடிவில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது என்பது நம் நெருக்கடி.) அவள் வகரத்தை வலியுறுத்துகிறாள்; அவர்கள் பகரத்திலேயே நிற்கிறார்கள். அரங்கில் சிரிப்பு எழும். இரண்டாவது, வங்காளிகளுக்கு இரு பெயர்கள் உண்டு என்ற விளக்கம். வீட்டாரும் நண்பரும் அழைக்கும் ‘டாக் நாம்’ ஒன்று; பள்ளிச் சான்றிதழிலும் அலுவலகத்திலும் வழங்கும் ‘பாலோ நாம்’ மற்றொன்று. ராணா என்பதும் அவ்வதிகாரியின் வீட்டுப் பெயரே. பதிவேட்டில் அவன் சாத்யகி சின்ஹா. நம்மூரில் கூப்பிடும் பெயர், பள்ளிக்கூடப் பெயர் என்று சொல்வதற்கு இது நிகரானது.

பட்டியல் நெறியில் செல்லும் ஆய்வாளர் இவ்விரண்டையும் ‘மொழிக்கூறு’, ‘பெயரிடும் மரபு’ என்ற தலைப்புகளின்கீழ் எழுதிவிட்டுக் கடந்துவிடுவார். ஆனால் இவை கதையின் அச்சாணிகள். ஒரு மனிதனுக்கு இரு பெயர் இருப்பதை இயல்பாக ஏற்கும் ஊர் அது. அங்கே ‘அர்ணாப் பாக்சி வேறு, மிலன் தாம்ஜி வேறா, இருவரும் ஒருவரா’ என்ற ஐயத்தை விதைப்பது எளிது. காவல்துறை அந்த ஐயத்துக்குள் விழுந்தபின் அதிலிருந்து எழுவதில்லை. ஒலிப்புச் செய்தி இன்னும் நுட்பமானது. அவள் பெயரின் முதலெழுத்தைத் திருத்துவதும் திரிப்பதுமாக ஊரே ஈடுபட்டிருக்கையில், பெயரின் பிற்பகுதியான ‘பாக்சி’ பொய் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வகரமா பகரமா என்ற வேடிக்கைதான் பெரும்பொய்க்குத் திரை. ஒரு வட்டார ஒலிப்பு இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் குற்றக்கதையை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

வித்யா தங்கும் விடுதியில் இருபத்துநான்கு மணிநேரமும் ‘ஓடும் வெந்நீர்’ உண்டு என்ற அறிவிப்பு இருக்கும். குழாயில் வெந்நீர் வராது. பிஷ்ணு என்ற சிறுவன் வாளியோடு ஓடிவருவான். இதுவும் நகைச்சுவையே. எனினும் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இந்நகரில் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு என்பதைப் படம் இங்கே நமக்குச் சொல்லிவிடுகிறது. கூலிக்கொலையாளி பாப் பிஸ்வாஸ் ஆயுள் காப்பீட்டு முகவன். தொந்தி, மூக்குக்கண்ணாடி, கைகூப்பி வணக்கம், அலுவலகத்தில் மேலாளரின் ஏச்சு. குமாஸ்தா நகரம் என்று பெயரெடுத்த ஊரில் கொலையும் ஒரு குமாஸ்தாவின் பக்கத்தொழில் ஆகிறது. அவனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பதேர் காண்டாவின் மிதிவண்டி மணியைப் போல.

கரைபோட்ட வெள்ளைச் சேலை

துர்க்கா பூசை கொல்கத்தாவின் பெரும்பொழுது. கார்காலம் முடிந்து கூதிர் தொடங்கும் பருவத்தில் பாடாக்கள்தோறும் பந்தல்கள் எழும். குமார்துலியின் கைவினைஞர்கள் ஹூக்ளி ஆற்று மண்ணில் படிமங்களை வடிப்பர். டாக் என்னும் பெருமுழவு ஒலிக்கும். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இவ்விழாவைச் சேர்த்தது. இவை பொதுச்செய்திகள். கதைக்கு வேண்டுவது இவற்றின் பின்னுள்ள நம்பிக்கை. துர்க்கை தன் பிள்ளைகளோடு கயிலையிலிருந்து தாய்வீட்டுக்கு வருகிறாள். சில நாள் தங்குகிறாள். தசமியன்று கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஆகவே படிமம் கரைப்பது வழியனுப்பு. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் துயரம் அதில் உண்டு.

வித்யாவின் பயணம் இதன் தலைகீழ் வடிவம். அவளும் சூல்கொண்ட தாயாக வருகிறாள், விழாநாளில் தங்குகிறாள், தசமியன்று மறைகிறாள். ஆனால் அவள் வந்தது தாய்வீட்டுக்கு அன்று. திரும்பிச் செல்லக் கணவன் இல்லை. பிள்ளையும் இல்லை. தேவி விட்டுவந்த வீடு இவளுக்கு அழிந்துபோயிருக்கிறது.

தசமியன்று மணமான பெண்கள் சிவப்புக் கரைபோட்ட வெள்ளைச் சேலை உடுத்து, தேவிக்குக் குங்குமம் இட்டு, பின் ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி மகிழ்வர். ‘சிந்தூர் கேலா’ என்பது அதன் பெயர். மரபுப்படி இது சுமங்கலியர்க்கு உரிய சடங்கு, கைம்பெண்கள் விலக்கப்பட்டவர்கள். அண்மைக்காலத்தில் இவ்விலக்கிற்கு எதிரான குரல்கள் எழுந்துள்ளன எனினும் மரபு அதுவே. பழைய வழக்கப்படி வங்கக் கைம்பெண்ணின் உடையும் வெள்ளைதான். ஆனால் கரையற்ற வெள்ளை. இரண்டு வாழ்நிலைகளுக்கும் இடையே நிற்பது விரலளவு சிவப்புக் கரை ஒன்றே.

படத்தின் உச்சத்தில் வித்யா இந்தச் சேலையில் வருகிறாள். மிலன் தாம்ஜியை வீழ்த்துகிறாள். அதே சேலையுடுத்த நூற்றுக்கணக்கான பெண்களுக்குள் கரைந்து போகிறாள். காவலர்கள் திகைத்து நிற்கிறார்கள். இதுவரை இக்காட்சியை ‘துர்க்கை மகிடனை அழித்தல்’ என்ற தொன்மத்தின் மறுவடிவமாகவே பலரும் வாசித்துள்ளனர். படமும் இறுதிக் கூற்றில் அவ்வாசிப்புக்கே இடம் தருகிறது. அது பிழையன்று. ஆயினும் இன்னொரு அடுக்கு உள்ளது. அவள் கைம்பெண். எந்தக் கூட்டத்தில் அவளுக்கு மரபு இடம் மறுக்கிறதோ அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அவள் ஒளிகிறாள். கணவனை இழந்தவளைத் தேடும் கண்கள் சுமங்கலியர் கூட்டத்தைத் துழாவுவதில்லை. துழாவினாலும் ஒருத்தியைப் பிரித்தறிய முடிவதில்லை. வெறும் கூட்டநெரிசல் வேண்டுமெனில் ஒரு ரயில்நிலையமே போதுமானது. இங்கே வேண்டுவது நெரிசல் அன்று. ஒரு சடங்கின் விதி. மீற முடியாது என்று ஊர் நம்பும் விதி. மீறியவளுக்கு அதுவே காப்பு.

வயிறும் இவ்வாறே இயங்குகிறது. தாய்மையைத் தெய்வமாகத் தெருத்தெருவாக நிறுத்தி வணங்கும் நாள்களில் நிறைசூலி ஒருத்தி வந்து நின்றால் காவல்நிலையம் நாற்காலி தருகிறது. அலுவலகம் கோப்பைத் திறக்கிறது. விடுதிக்காரர் வாடகையைக் கறாராகக் கேட்பதில்லை. ஐயப்படுவதே பாவம் என்ற மனநிலை. நகரத்தின் வழிபாட்டையே அவள் அதன் கண்கட்டாக மாற்றிக்கொள்கிறாள்.

ஒரு மறுப்பு

படம் கொல்கத்தாவை வெளியூராரின் கண்ணுக்கு ஏற்பக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு புறந்தள்ளத்தக்கதன்று. மஞ்சள் வாடகைக்கார்கள், டிராம், ஹௌரா பாலம் ஆகியவை வரிசையாக வருகின்றன. இவற்றுள் டிராம், பாலம் இரண்டையும் நீக்கினாலும் கதைக்கு இழப்பு இல்லை. மெட்ரோவை நீக்க முடியாது. இந்தியாவில் மெட்ரோ ரயில் முதன்முதலில் ஓடிய நகரம், 1984இல், கொல்கத்தாவே. நகரம் தன் பெருமையாகக் கொண்ட இடத்திலேயே படுகொலை நிகழ்கிறது. எனவே ஒரே படத்துக்குள்ளேயே அஞ்சலட்டையும் உண்டு, சான்றுப்பொருளும் உண்டு. எது எது எனப் பிரிப்பதற்கு ‘நீக்கிப் பார்த்தல்’ என்ற எளிய சோதனையே போதுமானது.

இன்னொரு குறையும் சொல்லலாம். வெந்நீர் சுமந்து ஓடும் பிஷ்ணுவின் ஓட்டத்தைப் படம் நகைப்பாக்கிக்கொள்கிறது. அவன் ஏன் பள்ளியில் இல்லை என்று கேட்பதில்லை. குற்றக்கதை தனக்கு வேண்டிய குற்றத்தை மட்டுமே காண்கிறது.

கண்ணகியோடு ஒப்பிடலாமா?

கணவன் பொருட்டு அயல்நகர் புகுந்த பெண், அநீதி, தெய்வமாதல் ஆகியவற்றைக் கண்டதும் சிலப்பதிகாரத்தை நினையாத தமிழ் மாணவர் இரார். ‘கண்ணகியும் வித்யாவும்’ என்ற தலைப்பில் பத்து ஒற்றுமைகளை எளிதில் எழுதிவிடலாம். அத்தகைய ஒப்பீடுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. வேற்றுமையே இங்கே நமக்கு வேண்டுவது.

சிலப்பதிகாரமும் நகரங்களில் நிகழும் குற்றக்கதைதான். களவு, பொய்க்குற்றம், விசாரணையற்ற கொலை, அவையில் சான்று காட்டி மெய்ப்பித்தல் எல்லாம் அதில் உண்டு. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதில் வழக்கு முடிகிறது; ஒரு பொருளை உடைத்துக் காட்டி உண்மையை நிறுவுவது துப்பறியும் கதையின் நெறியேயாகும். விழாவும் அங்கே அலங்காரம் அன்று. இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் சென்ற இடத்தில்தான் கோவலன் மாதவியைப் பிரிகிறான். அப்பிரிவே மதுரைக்கு வழி திறக்கிறது. ஆனால் கண்ணகி தன் கைம்மையை ஊரறியக் காட்டிக்கொண்டு அவை புகுகிறாள். விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்பும் அவள் நிலையின் பகிரங்க அறிவிப்பு. வித்யா அதை இறுதிவரை மறைக்கிறாள். கண்ணகிக்கு ஓர் அவை இருந்தது, மன்னன் செவிமடுத்தான், தவறு உணர்ந்து மாண்டான். வித்யாவின் உலகில் முறையிட்டால் கேட்கும் அவை இல்லை என்பதே கதையின் முடிபு. முறையிட்ட காவல்நிலையமும் அவளுக்கு ஒரு கருவியாகவே பயன்படுகிறது. மதுரை எரிந்தது. கொல்கத்தாவோ ஒன்றும் நிகழாததுபோல் படிமத்தைக் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறது.

நிலம் மாறியபோது

சேகர் கம்முலா இயக்கத்தில் இக்கதை தெலுங்கில் ‘அனாமிகா’ என்றும் தமிழில் ‘நீ எங்கே என் அன்பே’ என்றும் 2014இல் வெளிவந்தது. நயன்தாரா நாயகியாக நடித்தார். களம் ஹைதராபாத்தின் பழைய நகரப் பகுதிக்கு மாற்றப்பட்டது. நாயகி கருவுற்றவளாக இல்லை.

மறுஆக்கம் செய்வோர்க்கு மாற்றும் உரிமை உண்டு. மூலத்தின் இறுதித் திருப்பம் நாடறிந்துவிட்ட நிலையில் வேறு வழி தேடியதையும் புரிந்துகொள்ளலாம். ஆயினும் வயிறு போனபோது அதனோடு சேர்ந்து போனவை எவை? ஊரார் ஐயுறாமைக்கான காரணம் போயிற்று. தாய்மை வழிபாட்டுக்கும் ஏமாற்றுக்கும் இருந்த உறவு போயிற்று. இரு பெயர் மரபும், வகர பகர மயக்கமும் வங்க மண்ணுக்கு உரியவை ஆதலின் அவையும் உடன்வர இயலவில்லை. எஞ்சியது கணவனைத் தேடும் பெண், ஒத்துழைக்கும் காவலர், ஒரு பயங்கரவாதி என்ற எலும்புக்கூடு. ஹைதராபாத்தின் பழைய நகருக்கு நானூறாண்டு வரலாறு உண்டு. அதற்கெனத் தனிப் பேச்சும் பெயர்முறையும் தெருவாழ்வும் உண்டு. அவற்றிலிருந்து ஒரு குற்றத்தை முளைக்கச் செய்திருக்கலாம். கொல்கத்தாவில் முளைத்த குற்றத்தை அங்கே பதியமிட்டதுதான் சிக்கல்.

தொல்காப்பிய அகத்திணையியல் இவ்விடத்தில் துணைசெய்கிறது. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என ஓரிடத்தில் அவர் இடந்தருகிறார். திணை மயங்குதலை விலக்காத அவர், நிலங்கள் ஒன்றோடொன்று மயங்குதலை ஏற்பதில்லை. மறுஆக்கத் திரைப்படங்கள் பொதுவாக முதல் விதியை மட்டுமே அறிந்தவைபோல் இயங்குகின்றன. பழிவாங்கல் என்ற உரிப்பொருள் மாறாதிருந்தால் போதும், நிலத்தையும் பொழுதையும் கருவையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவற்றின் துணிபு. காதற்கதைக்கு இது பொருந்தலாம். பிரிவுத் துயரைப் பாலையில் பாடினாலும் நெய்தலில் பாடினாலும் துயர் துயரே. குற்றக்கதையில் அவ்வாறன்று. அங்கே கருப்பொருள் வெறும் உவமைக்களன் அல்ல, வினைமுதல். எப்படிக் கொன்றான், எங்கே ஒளித்தான், யார் காணவில்லை என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கருப்பொருளில்தான் இருக்கிறது. நகரத்தை ஆறாம் திணையாகச் சேர்க்க வேண்டும் என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. முதல், கரு, உரி என்ற மூன்றின் உறவைக் குற்றக்கதை எவ்வாறு இறுக்குகிறது என்பதைப் பார்ப்பதே பயனுடையது.

தமிழில் மதுரையைக் களமாகக் கொண்ட படங்களை இச்சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். ‘ஜிகர்தண்டா’ (2014) அவ்வூர்க் குளிர்பானத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. அப்பானத்தை நீக்கினாலும் கதை நடக்கும். ஆனால் திரைப்பட மோகம் ஊறிய ஊர் என்பதை நீக்கினால் அந்த ரவுடி நடிகனாக ஆசைப்படும் திருப்பமே இல்லை. தலைப்பில் உள்ள பொருளைவிடத் தலைப்பில் இல்லாத பொருளே கருப்பொருளாக நிற்கிறது. அரிவாளும் மல்லிகையும் கோபுரமும் மட்டுமே காட்டும் எண்ணற்ற படங்கள் இச்சோதனையில் முதல் படியிலேயே தோற்கும்.

நம் அலமாரியில் இல்லாதவை

வங்காளம் வியோம்கேஷையும் ஃபெலுதாவையும் தன் இலக்கியத்தின் பகுதியாகவே போற்றுகிறது. தமிழில் ச.ம. நடேச சாஸ்திரி 1894இலேயே துப்பறியும் கதை எழுதினார். ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரும் வரிசையே உண்டு. பின்னர்த் தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. இவர்களுள் சுஜாதாவைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் நாவல் வரலாற்று நூல்களில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகின்றனர். மாத நாவல்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பிய ஒருவரிடம் அவை ஒன்றில் ‘இதில் இலக்கியம் எங்கே’ என்று கேட்கப்பட்டதை நேரில் கேட்டிருக்கிறேன். அக்கேள்விக்கு விடை சொல்லும் முன் அந்நூல்கள் கையில் இருக்க வேண்டும்.

அவை கையில் இல்லை என்பதுதான் உண்மையான இடர். செய்தித்தாளில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் தொங்கி, வாடகை நூல்நிலையங்களில் கைமாறிக் கிழிந்த தாள்கள் அவை. பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றை வாங்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனிச் சேகரிப்பாளர், எதையும் கீழென்று ஒதுக்காமல் திரட்டியதால்தான் பழைய வெகுசன அச்சுப் பொருள்களுள் ஒரு பகுதி இன்று சென்னையில் அவர் பெயரிலமைந்த ஆய்வு நூலகத்தில் கிடைக்கிறது. ஆயினும் எண்பதுகள், தொண்ணூறுகளின் மாத நாவல்களைத் தேடுவோர் இன்றும் பழைய புத்தகக் கடைகளையே நம்ப வேண்டியுள்ளது.

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய ராஜேஷ்குமாரின் கதைகளில் ஆலைச் சங்கொலி நின்றுபோன ஓர் ஊர் எவ்வாறு பதிவாகியுள்ளது, சுபாவின் சென்னையில் தொலைபேசிச் சாவடி எத்தனை குற்றங்களுக்கு வழிவிட்டது, ரங்கராஜுவின் சென்னையில் கதவு தட்டாமல் உள்ளே வர யாருக்கு உரிமை இருந்தது என்ற கேள்விகளை, படிகள் அழிவதற்குள் கேட்க வேண்டும். இவற்றைத் தேடி எடுப்போர் கதைச்சுருக்கத்தோடு அவ்விதழ் வெளிவந்த மாதத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வந்த குற்றக்கதையில் வெடியோசைக்குள் துப்பாக்கி வெடித்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.